மலையகத்துப் படத்தை ஒஸ்காருக்கு அனுப்ப நினைக்கிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு படத்தை எடுத்து முடித்த கையோடு பேஸ்புக்கில் ஒரு போஸ்டர் வந்துவிடும், மூலையில் தங்கச் சிலை, கீழே 'ஒஸ்காரை நோக்கி' என்று பெரிய எழுத்து. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் எந்தப் பிரிவுக்கு, யார் மூலமாக, எந்தத் திகதிக்குள் என்று கேட்டுப் பாருங்கள், இயக்குநர் தயாரிப்பாளரைப் பார்ப்பார், தயாரிப்பாளர் எல்லோருக்கும் டீ சொல்ல எழுந்து போய்விடுவார். அந்த மூன்று கேள்விகளுக்குத்தான் இது. சர்வதேசத் திரைப்படப் பிரிவுக்கு நாடுகள் எப்படிப் படம் தெரிவு செய்கின்றன, அதில் நம் மலைப்பக்கத்துப் படம் ஒன்று நுழைய என்ன செய்ய வேண்டும், வழக்கமாக எங்கே சறுக்கும் என்று சொல்கிறேன். படம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லப் போவதில்லை, அது உங்கள் பாடு.

முதலில் நீளத்தைப் பாருங்கள்

படத்தின் பெயர்ப் பட்டியல் ஓடி முடிகிற வரை எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 40 நிமிடம் அல்லது அதற்குக் கீழே என்றால் அது குறும்படம், அதற்கும் நாட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. இலங்கை அனுப்ப வேண்டும், கொழும்பில் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் குறும்படத்துக்கு இல்லை. அதற்கு இரண்டு மூன்று வழிகள் இருக்கின்றன, நம் கைக்கு எட்டுவது ஒன்றுதான்: ஒஸ்கார் அகடமி தன் பட்டியலில் வைத்திருக்கும் திரைப்பட விழா ஒன்றில், அந்தப் பட்டியலில் குறிப்பிட்டிருக்கும் விருதை வெல்வது. பிரான்ஸின் கிளெர்மோன் ஃபெரான் விழா அந்தப் பட்டியலில் உள்ளது, நமக்குப் பக்கத்தில் பெங்களூர் சர்வதேசக் குறும்பட விழாவும் இருக்கிறது. விழாவில் படம் காட்டப்பட்டால் மட்டும் போதாது, விருது வாங்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. மாதா மாதம் விழா நடத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு, பெயரில் மட்டும் பாரிஸ், லண்டன், ரோம் வைத்துக்கொண்டு, இருபது முப்பது டொலர் கட்டணம் வாங்கி இரண்டு பக்கமும் இலை வைத்த ஒரு சின்னத்தை ஈமெயிலில் அனுப்பிவிடுகிற கூட்டம் ஏராளம். நம் பொடியன்கள் தோட்டத்தில் அக்காமாரிடம் கைமாத்து வாங்கி இதற்குக் கட்டுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அகடமியின் இணையத்தளத்தில் பட்டியல் இலவசமாகவே இருக்கிறது. அதில் பெயர் இல்லாத விழா உங்களுக்கு வேறு எதற்காவது உதவலாம், ஒஸ்காருக்கு உதவாது.

2023இல் ஆவணக் குறும்பட விருதை வென்ற 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' நீலகிரிப் பக்கத்து முதுமலையில் தமிழ் பேசும் தம்பதியரைப் பற்றியது. அதை இந்தியா தெரிவு செய்து அனுப்பவில்லை, அந்தப் பிரிவில் நாடு தெரிவு செய்யும் வேலையே இல்லை. நம்மிடம் இருப்பது பெரும்பாலும் இருபது இருபத்தைந்து நிமிடப் படங்கள்தான் என்பதால் இந்த வழியைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன்.

40 நிமிடத்துக்கு மேலே என்றால் மேலே படியுங்கள்.

அனுப்புவது நாடு

சர்வதேசத் திரைப்படப் பிரிவுக்கு ஒரு நாடு ஒரு படத்தைத்தான் அனுப்பலாம். வழக்கமாகத் தயாரிப்பாளர் நேரடியாக அனுப்ப முடியாது. ஒவ்வொரு நாட்டிலும் அகடமி ஏற்றுக்கொண்ட ஒரு தெரிவுக் குழு இருக்க வேண்டும், அந்தக் குழு ஒரு படத்தைச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் உங்கள் பெயரில் படிவமே திறக்கும். 1956ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து இதைப் போட்டியாக நடத்துகிறார்கள். 2019 வரை இதற்குப் 'பிறமொழிப் படம்' என்று பெயர், பிறகு 'சர்வதேசத் திரைப்படம்' என்று மாற்றினார்கள். பெயர் மாறினாலும் நாட்டுக்கு ஒன்று என்ற கணக்கு மாறவில்லை.

மலையகத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி, "தமிழ்ப் படம்னா இந்தியாதானே அனுப்பணும்?" இல்லை. 1969இல் சிவாஜியின் 'தெய்வ மகன்' தொடங்கி 2021இல் 'கூழாங்கல்' வரை இந்தியா தமிழ்ப் படங்களை அனுப்பியிருப்பதால் வந்த எண்ணம் இது. மொழி எந்த நாட்டுடையது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை, படம் யார் கையில் உருவானது என்றுதான் பார்க்கிறார்கள். 'வாட்டர்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாரணாசியில் எதிர்ப்பு வந்து படப்பிடிப்பு நின்றுபோக, தீபா மேத்தா அதை நம் நாட்டில் வந்து எடுத்தார், படம் ஹிந்தி, அனுப்பியது கனடா, 2007 விழாவில் கடைசிச் சுற்றுக்குப் போகும் ஐந்து படங்களுக்குள்ளும் வந்தது. 2024இல் பிரித்தானியா அனுப்பிய 'சந்தோஷ்' படமும் ஹிந்திதான்.

நம் மொழிக்கு நெருக்கமான கதையும் ஒன்று உண்டு. 2015இல் கான் விழாவின் மிகப் பெரிய விருதான தங்கப்பனையை வாங்கிய 'தீபன்', பெரும்பகுதி தமிழ் பேசும் பிரெஞ்சுப் படம். அந்த வருடம் பிரான்ஸ் அதை அனுப்பவில்லை, 'முஸ்தாங்' என்ற துருக்கி மொழிப் படத்தை அனுப்பியது, அது கடைசி ஐந்துக்குள் போனது. ஒரு நாட்டின் குழு தங்கப்பனையைக்கூட ஓரமாக வைக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

யார் கையில் படம் இருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள்

விதி இப்படிப் போகிறது: படத்தின் ஆக்கப் பொறுப்பு பெரும்பாலும் அனுப்புகிற நாட்டின் பிரஜைகள் அல்லது அங்கே வசிப்பவர்கள் கையில் இருந்திருக்க வேண்டும். அண்மையில் அந்த நாட்டில் அகதி அந்தஸ்துப் பெற்றவர்களையும் இதில் சேர்த்திருக்கிறார்கள். இதை உறுதிப்படுத்த வேண்டியது அனுப்புகிற நாடு.

மலையகத் தயாரிப்புகளில் இதுதான் சிக்கலாகும் இடம். இயக்குநர் கொட்டகலை, கதை அவருடையது, நடிகர்கள் தோட்டத்து ஆட்கள். ஆனால் கெமராமேன் சென்னையிலிருந்து, எடிட்டிங் சென்னையில், இசை சென்னை, ஒலிக்கலவை சென்னை, காசு டொரொண்டோவில் இருக்கும் மாமா. இப்படி ஒரு படத்தை இலங்கைப் படம் என்று நிறுவ முடியுமா? முடியும், ஆனால் அதைத் தாளில் காட்ட வேண்டும். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இயக்குநர், திரைக்கதை, தயாரிப்பாளர், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, கலை, ஒலி, இசை, முக்கிய நடிகர்கள் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்த நாட்டுப் பிரஜை, எங்கே வசிக்கிறார் என்று போடுங்கள். இயக்குநர், எழுத்தாளர், தயாரிப்பாளர் மூவரும் இங்கே இருந்தால் நெஞ்சை நிமிர்த்திப் பேசலாம். தயாரிப்பாளர் என்ற பெயரில் மாமாவின் பெயர் மட்டும் இருந்தால், படப்பிடிப்பு முழுக்க ஓடியாடிய உள்ளூர்த் தயாரிப்பாளரின் பெயரையும் ஒப்பந்தத்தோடு சேர்த்துவிடுங்கள். இதைப் படம் தொடங்குவதற்கு முன்பே செய்தால் தலைவலி பாதி குறையும்.

1948இல் பிரஜாவுரிமை பறிபோய், சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், அப்புறம் 2003ஆம் ஆண்டுச் சட்டம் என்று மூன்று தலைமுறையாகக் காகிதத்துக்குக் காத்திருந்த சனத்துக்கு, காகிதத்தைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் பாடம் எடுப்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் படம் எடுக்கும்போது யாரும் ஒப்பந்தம் எழுதுவதில்லை, "அண்ணே பார்த்துக்கலாம்" என்று முடித்துவிடுகிறோம்.

யூடியூபில் போட்டுவிடாதீர்கள்

இது சின்ன விசயம் மாதிரித் தெரியும், ஆனால் படத்தையே கவிழ்த்துவிடும். தியேட்டரில் ஓடுவதற்கு முன்பு படம் யூடியூபிலோ, தொலைக்காட்சியிலோ, பணம் கட்டிப் பார்க்கும் தளத்திலோ பொதுமக்களுக்கு வந்துவிட்டால் தகுதி போய்விடும். முன்னோட்டம் போடலாம், பாட்டுப் போடலாம், முழுப்படம் கூடாது. திரைப்பட விழாக்களில் காட்டுவது பிரச்சினையில்லை. குழுவினருக்கும் விழாக்காரர்களுக்கும் கடவுச்சொல் போட்ட தனி லிங்க் அனுப்புங்கள். நடிகர் ஒருவர் அந்த லிங்க்கைக் குடும்ப வட்சப் குழுவில் போட்டுவிடுவார், அதையும் எதிர்பார்த்து அடிக்கடி கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

ஏழு நாள்

இனி உண்மையான மலை ஏற்றம். படம் அமெரிக்காவுக்கு வெளியே, காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பார்க்கும் வணிகத் தியேட்டர் ஒன்றில், தொடர்ந்து ஏழு நாட்களாவது ஓடியிருக்க வேண்டும். ஓட வேண்டிய காலம் பெரும்பாலும் முதல் வருட ஒக்டோபர் தொடங்கி அடுத்த செப்டெம்பர் கடைசி வரை. இந்தத் திகதிகள் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் நகரும், ஆகவே அந்தந்த வருட விதிப் புத்தகத்தை அகடமியின் தளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள், போன வருடத்துத் தாளை வைத்துக்கொண்டு சண்டை போடாதீர்கள்.

தோட்டத்துக் கோயில் திடலில் திரை கட்டி ஆயிரம் பேர் பார்த்தாலும் இதில் சேராது. பாடசாலை மண்டபம், வாசகசாலை, நகரசபை மண்டபம், எதுவும் சேராது. மலையக நகரங்களில் இருந்த பழைய தியேட்டர்கள் பல இன்று கடையாகவோ கல்யாண மண்டபமாகவோ ஆகிவிட்டன, ஆகவே கண்டிக்கோ கொழும்புக்கோதான் போக வேண்டியிருக்கும். தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல் தியேட்டர் கதவு திறக்காது, அதற்கான விண்ணப்பத்தை வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்னால் கொடுத்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்காமல், மாதங்களுக்கு முன்பே கொடுங்கள். படம் டீசிபி என்ற தியேட்டர் வடிவத்தில் இருக்க வேண்டும், பென்டிரைவில் எம்பி4 கொண்டுபோனால் சிரிப்பார்கள். டீசிபி செய்தபின் ஒரு தடவை அதே தியேட்டரில், அதே திரையில், ஆளில்லாத காலை நேரத்தில் முழுதாக ஓட்டிப் பாருங்கள். சப்டைட்டில் திரைக்குக் கீழே வெட்டுப்படுகிறதா, உதட்டசைவும் குரலும் தள்ளிப் போகிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

அப்புறம் எந்த வாரம் என்ற கேள்வி. தைப்பொங்கலும் தீபாவளியும் வேண்டவே வேண்டாம். சென்னைப் பெரிய நடிகர் படம் வெள்ளிக்கிழமை இறங்குகிறது என்றால், நான்காம் நாள் காலையில் தியேட்டரிலிருந்து போன் வரும், "தம்பி, அந்த ஆறரை மணி ஷோவ மட்டும் குடுத்துருவோம், நீங்க காலையில வச்சுக்கங்க" என்று. அவர்களைக் குறை சொல்ல முடியாது, கரண்ட் பில் அவர்கள்தானே கட்டுகிறார்கள். ஆனால் ஒரு நாள் முழுதாக விடுபட்டால் 'தொடர்ந்து ஏழு நாள்' என்பது முறிந்துவிடும், நீங்கள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். ஆகவே ஏழு நாளும் தினம் ஒரு காட்சியாவது நிச்சயம் என்று எழுத்தில் வாங்குங்கள், மண்டப வாடகையாகப் பேசி முடித்தால் இன்னும் நல்லது. அந்த வாரத்தில் போயா வருகிறதா, வெசாக் வருகிறதா, அன்றைக்குக் காட்சி உண்டா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்களை எப்படிக் கொண்டுவருவது? தோட்டத்தில் சம்பளம் போட்டதற்கு அடுத்து வரும் ஞாயிறு உங்கள் ஏழு நாளுக்குள் விழுகிற மாதிரிப் பாருங்கள். வேலை நாட்களில் கொழுந்து நிறுத்துக் கொடுத்து லயத்துக்கு வரும்போதே பொழுது சாய்ந்துவிடும், அதற்குப் பிறகு யாரும் கண்டிக்குப் போய்ப் படம் பார்க்க மாட்டார்கள், ஞாயிறு ஒரு பஸ் பேசினால் வருவார்கள். மற்ற ஆறு நாளுக்குக் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளை நம்புங்கள். புறக்கோட்டையில் வேலை செய்கிற மலையக இளைஞர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் கொழும்பில் ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குப் படுகிறது. கடை எட்டு மணிக்குச் சாத்தும், ஆகவே இரவுக் காட்சி.

ஓடியதற்கு ஆதாரம் சேருங்கள். பத்திரிகையில் திகதியோடு வந்த தியேட்டர் விளம்பரம், டிக்கெட் அடிக்கட்டைகள், தியேட்டர் கையெழுத்துப் போட்ட தினசரி வசூல் கணக்கு, ஏழு நாளும் வாசலில் ஒட்டியிருந்த காட்சி நேரப் பலகையின் போட்டோ. எல்லாவற்றையும் கேட்க மாட்டார்கள், ஆனால் கேட்கும்போது தியேட்டர் முகாமையாளர் மாறியிருப்பார்.

ஆங்கிலம் எவ்வளவு பேசுகிறார்கள்?

வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம் அல்லாத மொழியில் இருக்க வேண்டும். தமிழும் சிங்களமும் எப்படிக் கலந்தாலும் கவலையில்லை, எண்ணப்படுவது ஆங்கிலம் மட்டும்தான். "நம்ம படத்துல எங்க ஆங்கிலம்?" என்று சொல்லிவிட்டுக் கடந்து போய்விடாதீர்கள். 2020இல் கனடா 'ஃபனி பாய்' படத்தைத் தெரிவு செய்தது, ஷியாம் செல்வதுரையின் நாவல், கொழும்புத் தமிழ்க் குடும்பத்தின் கதை. ஆங்கிலம் அதிகம் என்று அகடமி அதை இந்தப் பிரிவில் ஏற்கவில்லை, கனடா வேறு படத்தை அனுப்ப வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய வருடம் நைஜீரியா அனுப்பிய 'லயன்ஹார்ட்' படத்துக்கும் இதே கதி. ஆங்கிலம் ஆட்சிமொழியாக இருக்கும் நாட்டில் ஆங்கிலம் பேசினால் என்ன தப்பு என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி, ஆனால் விதி அசையவில்லை.

தோட்டத்துக் கதையிலும் ஆங்கிலம் நாம் நினைப்பதைவிட அதிகமாக நுழையும். துரை ஆபிசில் பேசுவது, கம்பனி ஆட்கள் கொழும்பிலிருந்து வந்து பேசுவது, எல்ல பக்கத்து ஹோட்டலில் வேலை செய்யும் கதாநாயகன் வெள்ளைக்காரர்களோடு பேசுவது, அரசசார்பற்ற நிறுவனத்தின் பயிற்சிப் பட்டறை. அளந்து பார்க்க எளிய வழி இருக்கிறது. எடிட்டிங் டைம்லைனில் ஒவ்வொரு வசனத் துண்டுக்கும் நிறம் கொடுங்கள், ஆங்கிலம் சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை. இரண்டு நிறத்தையும் தனித்தனியே கூட்டுங்கள். படத்தின் மொத்த நீளத்தோடு ஒப்பிடாதீர்கள், இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். மழை தகரக் கூரையில் கொட்டுகிற லயத்துக் காட்சி ஐந்து நிமிடம் ஓடுகிறது, அம்மாவும் மகளும் ஒரு வார்த்தை பேசவில்லை என்றால், அந்த ஐந்து நிமிடம் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. தமிழ் ஆட்கள் பேசாமல் இருக்க, துரை மட்டும் பேசிக்கொண்டே இருந்தால் சிவப்பு ஏறிவிடும். வசனமே இல்லாத படம் என்றால் பிரச்சினையே இல்லை, லத்வியா அனுப்பிய 'ஃப்ளோ' ஒரு வார்த்தைகூட இல்லாத அனிமேஷன் படம், 2025 விழாவில் இந்தப் பிரிவின் கடைசி ஐந்தில் இருந்தது. ஆவணப்படமும் அனுப்பலாம், நீளம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

ஆங்கில சப்டைட்டில் கட்டாயம். அதை இரண்டு பேராக உட்கார்ந்து செய்யுங்கள். ஒருவர் தோட்டத்தில் வளர்ந்து பேச்சு முழுக்கப் புரிந்தவர், மற்றவர் தோட்டம் பற்றி எதுவும் தெரியாத, ஆங்கிலத்தில் நன்றாக எழுதக்கூடியவர். முதலாமவர் மட்டும் செய்தால் வெளியாளுக்குப் புரியாது, இரண்டாமவர் மட்டும் செய்தால் கங்காணியும் கணக்குப்பிள்ளையும் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள்.

இலங்கையில் யாரிடம் போவது

கொழும்பு 7, பௌத்தாலோக மாவத்தையில் இருக்கும் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்தில் தொடங்குங்கள். மே மாதத்திலேயே ஒரு கடிதம். இந்த வருடம் தெரிவுக் குழு இருக்கிறதா, குழுவின் பெயர்ப்பட்டியல் அகடமிக்குப் போய்விட்டதா, படங்களைக் கோரும் அறிவித்தல் எப்போது வரும், எந்த வடிவத்தில் கொடுக்க வேண்டும், இந்த நான்கையும் கேளுங்கள். தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் பெறவும் உரிமை உண்டு. ஆனால் நடைமுறையில் ஒரு சிங்களப் பிரதியையும் சேர்த்து வைத்தால் மேசை விட்டு மேசை வேகமாக நகரும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை ஒரு பைலில் போடுங்கள்.

ஏன் குழுவைப் பற்றியே முதலில் கேட்கச் சொல்கிறேன் என்றால், பூட்டான் கதை அப்படி. மலையுச்சிப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பற்றிய 'லுனானா' படத்தை அவர்கள் 2020இல் அனுப்பினார்கள். மின்சாரம் எட்டாத கிராமத்தில் சூரிய சக்தியில் பற்றரி ஏற்றிக்கொண்டு எடுத்த படம். பூட்டான் 1999க்குப் பிறகு எதுவும் அனுப்பியிருக்கவில்லை, அகடமி ஏற்றுக்கொண்ட குழுவும் இல்லை என்பதால் படத்தை நிராகரித்துவிட்டார்கள். படத்தில் குறை எதுவும் சொல்லப்படவில்லை. பிறகு முறையாகக் குழு அமைத்து அடுத்த வருடம் மறுபடி அனுப்பினார்கள், 2022இல் கடைசி ஐந்து படங்களில் ஒன்றாக வந்து நின்றது. குழு இல்லாத வருடத்தில் எவ்வளவு நல்ல படம் எடுத்தும் பிரயோசனமில்லை. அகடமியின் இப்போதைய விதிப்படி குழுவில் குறைந்தது பாதிப் பேர் திரைப்படக் கலைஞர்களாகவோ தொழில்நுட்பக்காரர்களாகவோ இருக்க வேண்டும், அதிகாரிகளை மட்டும் வைத்து நிரப்ப முடியாது. குழுவில் தமிழ் புரிகிறவர் யார் என்று கேட்பதும் உங்கள் உரிமைதான், கேளுங்கள். பங்களாதேஷில் இந்தத் தெரிவை நடத்துவது திரைப்படச் சங்கங்களின் சம்மேளனம். இங்கேயும் சங்கங்கள் கூட்டாகக் கடிதம் எழுதினால் ஒரு தனி இயக்குநர் எழுதுவதைவிடக் காது கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

குழு எதைப் பார்த்துத் தெரிவு செய்கிறது

தெரிவு என்பது ரசனை, அச்சம், கணக்கு மூன்றும் சேர்ந்தது. 2024இல் இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' கான் விழாவில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரி வாங்கி வந்திருந்தது. 13 பேர் கொண்ட குழு, அத்தனை பேரும் ஆண்கள், அதை விட்டுவிட்டு 'லாபதா லேடீஸ்' படத்தைத் தெரிவு செய்தது. இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம் பார்ப்பது மாதிரி இருந்தது என்று குழு நினைத்ததாக, தெரிவை நடத்திய இந்தியத் திரைப்படச் சம்மேளனத்தின் தலைவர் சொன்னார். பிரான்ஸ் கூட்டுத் தயாரிப்பு என்பதால் அதே படத்தைப் பிரான்ஸும் தன் இறுதிப் பரிசீலனையில் வைத்திருந்தது, கடைசியில் அவர்களும் வேறு படத்துக்குப் போனார்கள். இந்தியா அனுப்பிய படம் அகடமி முதலில் வடிகட்டும் 15 படப் பட்டியலில் வரவில்லை, பிரித்தானியா அனுப்பிய ஹிந்திப் படம் வந்தது. ஆத்திரப்பட நிறைய இருக்கிறது, ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான்: கூட்டுத் தயாரிப்பு உங்கள் படத்துக்கு இரண்டு கதவுகளைத் திறக்கும், இரண்டு வீட்டிலும் "அது அடுத்த வீட்டுப் பிள்ளை" என்று சொல்லும் ஆபத்தும் கூடவே வரும்.

சின்னப் படம் கவனம் பெறச் சிறந்த வழி விழாதான். மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில் ஒரு அப்பனும் மகனும் நடக்கிற 'கூழாங்கல்' 2021 தொடக்கத்தில் ரொட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது, அதே வருடம் இந்தியாவின் தெரிவாகவும் ஆனது. நட்சத்திரம் யாரும் இல்லை. ரொட்டர்டாம், பூசான் மாதிரி விழாக்களின் விண்ணப்பத் திகதிகளைப் பார்த்து, அதற்குப் பிறகு தியேட்டர் வெளியீட்டைத் திட்டமிடுங்கள். பக்கத்தில் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவும் இருக்கிறது, ஒஸ்கார் பட்டியலுக்காக இல்லாவிட்டாலும் நம் படத்தை நம் நாட்டு விமர்சகர்கள் பார்த்து எழுதுவதற்கு அது நல்ல இடம். மலையக வாழ்வு முழுநீளப் படமாக வந்ததே குறைவு, 2013இல் சுமதி சிவமோகனின் 'இங்கிருந்து' வந்தது நினைவிருக்கலாம். குழுவுக்கு இந்த உலகம் புதிது என்பது உங்களுக்குப் பாதகமில்லை.

குழுவுக்குக் கொடுக்கும் கோப்பில் ஒரு பக்கக் கதைச்சுருக்கம், இயக்குநர் குறிப்பு, விழாப் பட்டியல், விமர்சனங்கள் போதும். அமைச்சர் பொன்னாடை போர்த்தும் படமும் தலைவர் வாழ்த்துச் செய்தியும் வேண்டாம். எந்தக் கட்சிக்காரர் படம் என்று யோசிக்க வைப்பதால் உங்களுக்கு என்ன லாபம்?

தெரிவானால், தெரிவாகாவிட்டால்

தெரிவாகிவிட்டால் உங்கள் படம் எண்பது தொண்ணூறு நாடுகளின் படங்களோடு நிற்கும். டிசெம்பரில் அதை 15 படமாகக் குறைப்பார்கள், ஜனவரியில் 5 ஆக்குவார்கள். அகடமி உறுப்பினர்கள் இணையத்திலேயே பார்த்து வாக்களிக்கிறார்கள், ஆனால் இத்தனை படங்களுக்கு நடுவே உங்கள் படத்தைத் திறந்து பார்க்க வைக்க ஆளும் விளம்பரமும் வேண்டும், அதற்குக் காசு வேண்டும். 2004இல் இந்தியாவின் தெரிவான மராத்திப் படம் 'ஷ்வாஸ்' குழுவினர் பொதுமக்களிடம் நிதி சேர்த்துத்தான் அமெரிக்கா போனார்கள். இலங்கைப் படம் எதுவும் இதுவரை அந்த ஐந்துக்குள் போனதில்லை என்பதையும் காசு கொடுக்கிறவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒருவேளை வென்றால் சிலையை இயக்குநர் மேடை ஏறி வாங்குவார். 2014க்குப் பிறகு அவர் பெயரையும் அதில் பொறிக்கிறார்கள், அதற்கு முன்பு அதுவும் இல்லை.

தெரிவாகாவிட்டால் காரணம் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், குழுவில் யார் இருந்தார்கள், எந்தெந்தப் படங்கள் பார்க்கப்பட்டன, கூட்டக் குறிப்பு என்ன என்று அரச நிறுவனத்திடம் எழுதிக் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சண்டைக்காகக் கேட்காதீர்கள், அடுத்த முறை அனுப்பப் போகிறவருக்காகக் கேளுங்கள். குழு எந்தப் படத்தையும் அனுப்பவில்லை என்றாலும் அதே கேள்விதான்.

நாட்டை விட்டுப் பொதுப் பிரிவுகளுக்குப் போகும் வழியும் இருக்கிறது, லொஸ் ஏஞ்சல்ஸ், நியூயோர்க் மாதிரி அவர்கள் குறிப்பிட்ட நகரங்களில் ஒன்றில் ஏழு நாள் தியேட்டரில் ஓட்ட வேண்டும். கண்டியில் ஏழு நாள் ஓட்டவே மாமாவிடம் இரண்டு தடவை பேச வேண்டியிருந்தால் இதை விட்டுவிடுங்கள். செப்டெம்பர் கடந்து பெயர் அறிவித்து முடிந்ததும் யூடியூப் தடை உங்களுக்கு இல்லை. டீசிபியின் இரண்டு பிரதிகளை ஈரம் படாத இடத்தில், ஒன்றை மலையிலும் மற்றதைக் கொழும்பில் தெரிந்தவர் வீட்டிலும் வைத்துவிட்டு, ஒரு புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று டிவிஷன் டிவிஷனாகப் போட ஆரம்பிக்கலாம். மைதானத்தில் திரை கட்டுவதானால் மாலையில் மழை விடாத மாதங்களைத் தவிர்த்து, ஜனவரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.